முப்பத்தஞ்சு தாண்டின கர்ப்பமும் யாரும் கேட்காத ஒரு கேள்வியும்

"வயசு முப்பத்தஞ்சு தாண்டிடுச்சா? அப்ப இந்த டெஸ்ட்டையும் எடுத்துட்டு வந்துடுங்க."

நம்ம ஊர்ல வயது கூடிக் கருவுற்ற பெண்ணுக்குக் கிடைக்கிற மொத்த ஆலோசனையும் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான். என்ன டெஸ்ட், எதுக்கு, அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது, ரிப்போர்ட் மோசமா வந்தா அடுத்து என்ன? எதுவும் கிடையாது. ஹீமோகுளோபின் பார்க்கிற மாதிரி ரத்தத்தை எடுத்து அனுப்பிடறாங்க.

இது தப்பு. சாதாரண தப்பு இல்லை, பெரிய தப்பு. ஏன்னு விளக்கத்தான் இந்த நீளமான இழை. பொறுமையா படிங்க. வீட்டுல அக்காவோ தங்கையோ மனைவியோ இந்த நிலையில இருந்தா அவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் மகப்பேறு நிபுணர் இல்லை. அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிற எம்.பி.பி.எஸ். மருத்துவர். "நீங்க ஏன் இதைப் பேசறீங்க"ன்னு கேட்க வர்றவங்களுக்கு: ரிப்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு, அழுத கண்ணோட, முதல்ல வந்து நிக்கிறது எங்க மேஜை முன்னாடிதான். நிபுணர் கிட்ட போறதுக்கு முன்னாடியே பாதி முடிவு வீட்டுல எடுத்து முடிச்சிருப்பாங்க.

ஹீமோகுளோபின் குறைஞ்சிருந்தா இரும்புச்சத்து ஊசி போடலாம். சர்க்கரை கூடியிருந்தா இன்சுலின் போடலாம். அதனால அந்த டெஸ்ட்டை எடுக்கறதுக்கு முன்னாடி பெரிய பேச்சு தேவையில்லை. ஆனா டவுன் சிண்ட்ரோம் பரிசோதனையோட பதிலுக்கு மருந்து கிடையாது. அந்தப் பதில் ஒரு முடிவை மட்டும்தான் கேட்கும். அதனால ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடியே அந்தப் பெண்ணைக் கேட்டாகணும்: "இது உங்களுக்குத் தெரியணுமா? தெரிஞ்சா என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?"

இந்தக் கேள்வியை யாரும் கேட்கறதில்லை. கேட்காம எடுக்கிற டெஸ்ட்டும் அநியாயம். "எதுக்கும்மா பயமுறுத்தணும்"னு சொல்லி டெஸ்ட் இருக்கிறதையே மறைக்கிறதும் அதே அளவு அநியாயம்.

சரி, இந்த 35 எங்கிருந்து வந்துச்சு?

தாயின் வயது கூடக்கூட டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு கூடுதுன்னு பென்ரோஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1933லயே காட்டினார். 21வது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருப்பதுதான் காரணம்னு 1959ல் பிரான்ஸில் லெஜூன் குழு கண்டுபிடிச்சாங்க. 1970களில் பனிக்குட நீரை ஊசியால் எடுத்துப் பார்க்கும் ஆம்னியோசென்டெசிஸ் பரவலாச்சு. அந்த ஊசியால கரு கலையும் ஆபத்து அப்போ சுமார் 200ல் ஒண்ணுன்னு கணக்கு வச்சாங்க. எந்த வயசுல குரோமோசோம் கோளாறு வாய்ப்பும் ஏறக்குறைய அந்த அளவுக்கு வருதோ, அங்க ஒரு கோடு போட்டாங்க. அதுதான் 35.

அதாவது 35ங்கிறது உடம்புக்குள்ள இருக்கிற கோடு இல்லை. ஒரு காலத்து ஊசியையும் ஒரு காலத்து வசதியையும் வச்சுப் போட்ட கணக்குக் கோடு. 34 வயசு 11 மாசத்துல சுத்தமா இருந்த கர்ப்பம் பிறந்தநாள் கேக் வெட்டினதும் கெட்டுப் போயிடாது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கமே 2007ல, வயசை மட்டும் வச்சுப் பிரிக்காதீங்க, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை பற்றிச் சொல்லுங்கன்னு மாத்திக்கிச்சு. நாம இன்னும் கேஸ் ஷீட்ல "எல்டர்லி"ன்னு எழுதி அடிக்கோடு போட்டுக்கிட்டு இருக்கோம். 36 வயசுப் பெண்ணை எல்டர்லின்னு வேற எந்தத் துறையில சொல்றாங்க?

உண்மையான எண்களைப் பாருங்க. டவுன் சிண்ட்ரோமோட குழந்தை பிறக்கும் வாய்ப்பு தாய்க்கு 30 வயசுன்னா சுமார் 900ல் ஒண்ணு. 35ல் சுமார் 350ல் ஒண்ணு. 40ல் சுமார் 100ல் ஒண்ணு. 45ல் சுமார் 30ல் ஒண்ணு.

கூடுது, நிச்சயமா கூடுது. அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனா 40 வயசுத் தாய்மார் நூறு பேரை வரிசையா நிக்க வச்சா 99 பேரோட குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்காது. "நாற்பதுல பெத்தா குழந்தை மந்தமாத்தான் பிறக்கும்"னு ஊர்ல சொல்றாங்களே, அந்த வாய்க்கு இந்த 99ஐக் கொண்டு போய்க் காட்டுங்க. இன்னொரு பக்கம், டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள்ல பெரும்பாலானவங்க 35க்குக் கீழ் உள்ள தாய்மாருக்குத்தான் பிறக்கிறாங்க. காரணம் எளிது, அந்த வயசுலதான் அதிகம் பேர் பிள்ளை பெறுறாங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். ரிப்போர்ட்ல "ஹை ரிஸ்க்"னு சிவப்பு எழுத்துல வருது பாருங்க, அதுக்கு அர்த்தம் "உங்க குழந்தைக்கு நோய் இருக்கு" இல்லை.

11 வாரத்துலேருந்து 13 வாரம் 6 நாளுக்குள்ள எடுக்கிற என்டி ஸ்கேனும் டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும் ஒரு சல்லடை. நோயை உறுதி செய்யற டெஸ்ட் இல்லை. யாருக்கு அடுத்த பரிசோதனை தேவைப்படலாம்னு சலிச்சு எடுக்கிறது மட்டும்தான் அதோட வேலை.

ஒரு கணக்கு போடுவோம். எல்லா வயசும் சேர்த்து 10,000 கர்ப்பிணிகள். அதுல சுமார் 15 பேரோட கருவுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்குன்னு வச்சுக்கோங்க. இந்தச் சல்லடை அதுல 13 பேரைப் பிடிக்கும். நல்ல சல்லடைதான். ஆனா அந்த 13 பேரைப் பிடிக்க ஏறக்குறைய 500 பேருக்கு "ஹை ரிஸ்க்"னு அடிச்சு அனுப்பும். 500 பேர் அழுவாங்க. அதுல 480க்கும் மேல உள்ளவங்க வயித்துல இருக்கிற குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இல்லை.

இதை ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி எத்தனை பேருக்குச் சொல்றாங்க?

சொல்லாததால என்ன நடக்குதுன்னு சொல்றேன். அடையாளம் எதுவும் வராத மாதிரிதான் எழுதறேன்.

38 வயசு. ஒன்பது வருஷம் கழிச்சு நின்ன கர்ப்பம். வெளியில டபுள் மார்க்கர் எடுத்திருக்காங்க. ரிப்போர்ட்ல 1:140, ஹை ரிஸ்க். லேப்லேருந்து போன்ல சொன்னது "ஹை ரிஸ்க் வந்திருக்கு, டாக்டரைப் பாருங்க" அவ்வளவுதான். டாக்டரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி குடும்பம் கூடி உட்கார்ந்துடுச்சு. மாமியார், நாத்தனார், ஊர்ல இருந்து வந்த சித்தப்பா. "ஊனமான பிள்ளையைப் பெத்து யார் பார்க்கிறது?" மெடிக்கல் ஷாப்புல மாத்திரை வாங்கிக் கொடுத்துட்டாங்க. 9 வாரத்துக்குள்ள, மருத்துவர் மேற்பார்வையில மட்டும் தர வேண்டிய மாத்திரை. 14வது வாரத்துல விழுங்கிட்டு, ராத்திரி ரெண்டு மணிக்குப் புடவை முழுக்க ரத்தத்தோட எங்க அவசரப் பிரிவுக்கு வந்தாங்க. ரெண்டு யூனிட் ரத்தம் ஏத்தி, கருப்பையைச் சுத்தம் பண்ணி உயிரைக் காப்பாத்தினாங்க.

மறுநாள் ரவுண்ட்ஸ்ல அந்த அம்மா கேட்டாங்க: "டாக்டரம்மா, பிள்ளைக்கு நிஜமாவே நோய் இருந்துச்சா?"

யாருக்கும் தெரியாது. இனி தெரியவும் போறதில்லை. ரிப்போர்ட்டை அப்படியே நம்பினாக்கூட, 1:140 என்றால் 140 பேர்ல 139 பேருக்கு இல்லைன்னு அர்த்தம். அந்த எண்ணை அவங்களுக்குப் படிச்சுச் சொல்ல அந்த ஒரு வாரத்துல ஒரு ஆள் இல்லை.

ரிப்போர்ட்ல அச்சடிச்ச ஹை ரிஸ்க்ங்கிற ரெண்டு வார்த்தைக்கு இருக்கிற அதிகாரத்தைப் பார்த்தீங்களா? லேப்காரங்க அச்சடிச்சுட்டு ஒதுங்கிட்டாங்க. எழுதிக் கொடுத்த மருத்துவர், ரிப்போர்ட்டோட வரட்டும்னு விட்டுட்டாங்க. நடுவுல இருந்த அந்த ஒரு வாரத்துக்கு யார் பொறுப்பு?

இப்ப எல்லோரும் கேட்கிற இன்னொரு டெஸ்ட், என்ஐபிடி. தாயின் ரத்தத்துல கருவோட டி.என்.ஏ. மிதக்குதுன்னு ஹாங்காங்கின் டென்னிஸ் லோ 1997ல் கண்டுபிடிச்சார். 2011 வாக்கில் அது சந்தைக்கு வந்துச்சு. 10 வாரத்துலேருந்து எடுக்கலாம். நல்ல டெஸ்ட், சந்தேகமே இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள 100 கருவுல 99ஐக் கண்டுபிடிக்கும். இல்லாதவங்கள்ல ஆயிரத்துக்கு ஒருத்தருக்குத்தான் தப்பா "இருக்கு"ன்னு சொல்லும்.

ஆனா "99 சதவீதம் துல்லியம்"னு விளம்பரம் பண்றதுல ஒரு கண்கட்டு இருக்கு. 40 வயசுல ஆயிரம் பேர் எடுத்தா, உண்மையா இருக்கிற 10 பேரும், கூட ஒருத்தர் தப்பாவும் வருவாங்க. 11ல் 10 உண்மை. அதே டெஸ்ட்டை 25 வயசுல ஆயிரம் பேர் எடுத்தா, உண்மையா ஒருத்தர், தப்பா ஒருத்தர். பாதிக்குப் பாதி. ரிப்போர்ட்ல வர்ற வார்த்தை ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். அதோட, அந்த டி.என்.ஏ. பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வர்றது. நஞ்சுக்கொடியில கோளாறு இருந்து குழந்தைக்கு இல்லாமலும் இருக்கலாம். அதனால என்ஐபிடியும் சல்லடைதான், கண்ணி ரொம்பச் சின்ன சல்லடை. அதை மட்டும் வச்சுக் கருவைக் கலைக்கக் கூடாது. தனியார்ல பத்தாயிரத்துக்கு மேல ஆகுது. அவ்வளவு காசு வாங்கறவங்க இந்த ரெண்டு வரியையும் சேர்த்துச் சொன்னா என்ன குறைஞ்சு போயிடும்?

இன்னொண்ணு. என்ஐபிடி நார்மல்னா "குழந்தை நூறு சதவீதம் நார்மல்"னு அர்த்தம் இல்லை. இதய ஓட்டை, காது கேளாமை, ஆட்டிசம் எதையும் அது பார்க்காது. சொந்தத்துல கல்யாணம் பண்ணினவங்க கவனிங்க: அந்த வழியில வர்ற பரம்பரை நோய்களை வழக்கமான என்ஐபிடி காட்டாது. அனாமலி ஸ்கேனைத் தவற விடாதீங்க.

உறுதியா தெரியணும்னா ரெண்டு வழிதான். 11லிருந்து 14 வாரத்துக்குள்ள நஞ்சுக்கொடியிலிருந்து துளி எடுக்கிற பரிசோதனை, இல்லேன்னா 15 வாரத்துக்கு மேல பனிக்குட நீர் பரிசோதனை. "ஊசி குழந்தை மேல குத்திடுமே"ன்னு பயப்படறாங்க. ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே பக்குவமா நீரை மட்டும் எடுப்பாங்க. அனுபவமுள்ளவங்க கையில இதனால கரு கலையும் கூடுதல் ஆபத்து 200ல் ஒண்ணுக்கும் கீழே. பூஜ்யம் இல்லை, ஆனா ஊர்ல பேசிக்கிற அளவு இல்லவே இல்லை. இந்த எண்ணையும் அந்தப் பெண்ணுக்குச் சொல்லணும், எடை போட வேண்டியது அவங்கதான். ஒன்பது வருஷம் காத்திருந்தவங்களுக்கு அந்தச் சின்ன ஆபத்தும் பெரிசாத் தெரியலாம். ஏற்கெனவே ரெண்டு பிள்ளை இருக்கிறவங்களுக்கு வேற மாதிரித் தெரியலாம். ரெண்டுமே நியாயம்.

"டெஸ்ட்டே எடுக்க வேண்டாம், கடவுள் கொடுத்தது"ன்னு சொல்றவங்களுக்கும் பதில் இருக்கு.

அந்தப் பெண்ணே அப்படிச் சொன்னா, கையெடுத்துக் கும்பிட்டு ஏத்துக்குவேன். டெஸ்ட் வேண்டாம்னு சொல்றது அவங்க உரிமை. ஆனா நம்ம ஊர்ல அந்த வசனத்தைப் பேசறது பெரும்பாலும் வேற ஆளுங்க.

41 வயசு அக்கா ஒருத்தர். மூத்த பொண்ணு காலேஜ் படிக்குது. "பேரன் எடுக்கிற வயசுல பிள்ளையா"ன்னு ஊர் சிரிக்குமேன்னு வெட்கத்துல மறைச்சுட்டாங்க. 12 வாரத்துக்குள்ள பதிவு பண்ணணும்னு கிராம சுகாதார செவிலியர் வீடு தேடிப் போனப்பவும் "அதெல்லாம் இல்ல"ன்னு அனுப்பிட்டாங்க. வீட்டுக்காரர், "நாலு பேருக்குத் தெரியாம பெத்துக்கலாம், டெஸ்ட்டெல்லாம் எதுக்கு"ன்னாராம். எட்டாம் மாசம்தான் முதல் முறையா வந்தாங்க. வந்த வாரமே பிரசவம். டவுன் சிண்ட்ரோம் குழந்தை. முன்சிறுகுடல் அடைப்பு. பால் கொடுத்தா பச்சையா வாந்தி. ஆம்புலன்ஸ்ல போட்டு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினோம். ஆபரேஷன் ஆச்சு, பிழைச்சுக்கிச்சு.

ஆறு மாசம் கழிச்சு தடுப்பூசிக்கு வந்தப்ப அந்த அக்கா சொன்னது: "முன்னாடியே தெரிஞ்சிருந்தாலும் நான் கலைச்சிருக்க மாட்டேன் டாக்டரம்மா. ஆனா ஆபரேஷன் இருக்கிற ஊர்லயே போய்ப் பெத்திருப்பேன்ல?"

இதைத்தான் சொல்றேன். டெஸ்ட் எடுத்தா கலைக்கத்தான்னு ரெண்டு தரப்பும் முடிவு பண்ணி வச்சிருக்காங்க. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள்ல ஏறக்குறைய பாதிப்பேருக்கு இதயக் கோளாறு இருக்கு. முன்கூட்டித் தெரிஞ்சா எங்க பெறணும், யார் கூட இருக்கணும், எவ்வளவு பணம் கையில வேணும்னு திட்டம் போடலாம். மாவட்டத்துல ஆரம்ப நிலை இடையீட்டு மையம் எங்க இருக்குன்னு பார்த்து வைக்கலாம். மனசைத் தயார் பண்ணலாம். கலைக்கிறதுன்னு முடிவெடுத்தா அதுவும் அவங்க முடிவு. எந்த முடிவுக்கும் நான் நீதிபதி இல்லை. நீங்களும் இல்லை.

"படிக்காத ஜனங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா"ன்னு எங்க ஆளுங்களே சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வரும். மகளிர் குழு லோனுக்கு வாரவட்டி எவ்வளவு, ஏலச்சீட்டுல எத்தனாவது மாசம் தள்ளி எடுத்தா எவ்வளவு நிக்கும்னு மனக்கணக்காச் சொல்ற பொம்பளைக்கு "நூத்துல ஒண்ணு" புரியாதா? புரியும். சொல்றதுக்கு நமக்குத்தான் வாய் வரலை.

"ஓபியில நூத்தம்பது பேர் நிக்கும்போது யாருக்கு நேரம்?" இது நியாயமான கேள்வி, அந்த ஓபியில உட்கார்ந்திருக்கிறது நானும்தான். ஆனா எல்லாத்தையும் மருத்துவரே சொல்லணும்னு இல்லை. செவிலியருக்குப் பயிற்சி கொடுங்க. கர்ப்பிணிகள் ரெண்டு மணி நேரம் பெஞ்சுல காத்திருக்காங்களே, அந்த நேரத்துல பத்துப் பேரை உட்கார வச்சுப் பேசுங்க. நல்ல தமிழ்ல ஒரு பக்கம் அச்சடிச்சுக் கையில கொடுங்க. இதுக்குப் புது மெஷின் வாங்க வேண்டியதில்லை.

சட்டமும் இதைத்தான் சொல்லுது. பாலினத் தேர்வைத் தடுக்க 1994ல் வந்த சட்டத்தை எல்லோரும் "ஆணா பெண்ணான்னு சொல்லக் கூடாது" என்பதோட நிறுத்திடறாங்க. அதே சட்டத்துல, கருவின் குரோமோசோம் கோளாறைப் பரிசோதிக்கலாம்னு இருக்கு, 35 வயதுக்கு மேல் என்பதும் அனுமதிக்கிற காரணங்கள்ல ஒண்ணு. பனிக்குட நீர் எடுக்கிற மாதிரிப் பரிசோதனைக்கு முன்னாடி, தெரிஞ்ச பின்விளைவு எல்லாத்தையும் விளக்கி, அவங்களுக்குப் புரியற மொழியில எழுத்துப்பூர்வமா சம்மதம் வாங்கி, அதோட நகலை அவங்க கையிலயே கொடுக்கணும்னும் இருக்கு. கடைசியா எப்ப ஒரு கர்ப்பிணி கையில அந்த நகலைப் பார்த்தீங்க?

கருக்கலைப்புச் சட்டமும் அப்படித்தான். 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவங்க சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்து, மாமியார் கையெழுத்துன்னு கேட்கிறது மருத்துவமனைகள் தங்கள் பயத்துக்குப் போட்டுக்கிட்ட வேலி. சட்டம் அதைக் கேட்கலை. 2021 திருத்தத்துக்கு அப்புறம் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20லிருந்து 24 வரை, விதிகள்ல சொன்ன பிரிவினருக்கு, ரெண்டு மருத்துவர்கள். கருவில் பெரிய கோளாறு இருக்குன்னு மருத்துவ வாரியம் சொன்னா 24க்கு அப்புறமும் வழி உண்டு.

இந்த வாரக் கணக்கை ஒரு தடவை மனசுல ஓட்டிப் பாருங்க. 13வது வாரக் கடைசியில டபுள் மார்க்கர், 14ல் ரிப்போர்ட், அழுது ஓய்ஞ்சு 16ல் மருத்துவரைப் பார்த்து, 17ல் பனிக்குட நீர் எடுத்தா, முழு குரோமோசோம் ரிப்போர்ட் வர ரெண்டு மூணு வாரம். 20 வந்தாச்சு. முதல் மாசத்துலயே பேச ஆரம்பிச்சாத்தான் யோசிக்க நேரம் இருக்கும்.

சிகிச்சை எடுத்துக் கருவுற்றவங்களுக்கு ஒரு தனி விஷயம். தானமாப் பெற்ற கருமுட்டைன்னா வயசுக் கணக்கு முட்டை கொடுத்தவங்களோடது, உங்களோடது இல்லை. 42 வயசுன்னு போட்டுக் கணக்கிட்டா ரிப்போர்ட் தப்பா ஹை ரிஸ்க் காட்டலாம். வெட்கப்பட்டு மறைக்காதீங்க. கூட மாமியார் நின்னா, டாக்டர்கிட்ட தனியாப் பேசணும்னு கேளுங்க, வெளியே அனுப்பிட்டுப் பேசுவோம்.

வயசான கர்ப்பத்துல குரோமோசோமை மட்டும் பார்த்துக்கிட்டு ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் விட்டுடாதீங்க. பதினஞ்சாயிரத்துக்கு என்ஐபிடி எடுத்துட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாக் கொடுக்கிற குளுக்கோஸ் தண்ணியைக் குடிக்க மாட்டேன்னு அடம் பிடிக்கிறவங்களைப் பார்க்கிறேன். 35க்கு மேல சர்க்கரையும் பிரஷரும் வர்ற வாய்ப்பு டவுன் சிண்ட்ரோமை விடப் பல மடங்கு அதிகம்.

கையில ஏற்கெனவே ரிப்போர்ட் இருக்கிறவங்களுக்கு: அதுல 1க்குப் பக்கத்துல என்ன எண் இருக்குன்னு முதல்ல பாருங்க. உங்க வயசுக்கான எண்ணும் பக்கத்துலயே போட்டிருப்பாங்க. 40 வயசுல வயசுக்கு 1:100னு இருந்து, டெஸ்ட்டுக்கு அப்புறம் 1:1500 ஆகியிருந்தா அது நல்ல செய்தி. எண் எதுவானாலும் மெடிக்கல் ஷாப் பக்கம் போகாதீங்க. ரிப்போர்ட், முதல் ஸ்கேன், என்டி ஸ்கேன், பிக்மி நம்பர், நாலையும் எடுத்துக்கிட்டு அரசு மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மகப்பேறு பிரிவுக்கோ அந்த வாரமே போங்க. போன உடனே "எனக்கு இப்ப எத்தனை வாரம், உறுதி பண்ற டெஸ்ட் எடுக்கணும்னா இன்னும் எத்தனை நாள் இருக்கு?"ன்னு கேளுங்க.